வெற்றிலைக் காம்பு

கல்கத்தாவில் வயிறு பொது விஷயம். மழை வருமா என்று கேட்கிற சுலபத்தில் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். மீன் கடையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், நான் வேலை பார்த்த வங்கியில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்கிறவரும் கொஞ்சமும் கூசாமல் காலையில் நடந்ததை விஸ்தாரமாகச் சொல்வார். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு இது பழக்கம். என் கணவர் ஜம்புநாதன் மாயவரத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர். கார்டன் ரீச்சில் தலைமை ஆபீஸிலேயே முழு சர்வீஸையும் முடித்து ரிடையர் ஆகிவிட்டார். இன்னமும் அந்தப் பேச்சு வந்தால் காது சிவந்து எழுந்து போய்விடுவார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு நாளாவது வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்திருக்கும். சொன்னதில்லை. பாத்ரூமுக்குப் போவதைக்கூட "இதோ வரேன்" என்றுதான் சொல்வார். எங்கே போய்விட்டு வருகிறார் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ப்ராஸ்டேட்டில் புற்று என்று தெரிந்தது. நான் ஒரு நாள் அழுதேன், மறுநாள் எழுந்து ஆக வேண்டியதைப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது, எடுத்துவிட்டால் நிம்மதி என்றார் டாக்டர் சைதன்யா. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு எடுத்தும்விட்டார். லேக் கார்டன்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஜம்புநாதன் ஒரு குழாயும் சிறுநீர் சேரும் பையுமாக வந்து சேர்ந்தார். அந்தப் பையைக் காலி செய்வதும், குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. எனக்கு அதில் அருவருப்பு எதுவும் இல்லை. பாலிகஞ்ச் கிளையில் மாதப் பிறப்பன்று பென்ஷன் கியூவைச் சமாளித்தவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை என்ன பெரிய விஷயம்? அவர்தான் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துத் தெளிவாகத்தான் சொன்னார். சிறுநீர்ப்பையையும் அதன் கீழே வரும் குழாயையும் புதிதாகச் சேர்த்துத் தைத்திருக்கிறது. அது ஆறுகிற வரை முக்கக் கூடாது. மயக்க மருந்தாலும் வலி மாத்திரையாலும் குடல் மந்தமாகும், வயிறு உப்பும், வாயு அடைக்கும், மலம் இறுகும். அதற்குத்தான் இந்த சிரப். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், காய் பழம் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும். சரியாகப் போகவில்லை என்றால் உடனே போன் செய்ய வேண்டும். பின்பக்கமாக எனிமா, மாத்திரை, எதுவும் வைக்கவே கூடாது. தையலுக்கும் மலக்குடலுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சுவர், அதில் குத்திவிட்டால் பெரிய ஆபத்து. தையல் விட்டுப்போனால் மறுபடியும் பைதான்.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஜம்புநாதன் கேட்கவில்லை. 'மலம்' என்ற இடம் வந்ததுமே அவர் டாக்டர் அறையில் இருந்த மீன் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கூச்சம் வந்தால் அவருக்குக் காது வேலை செய்யாது. இது எனக்குத் தெரிந்திருந்தும், வீட்டுக்கு வந்து நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தவருக்கு என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

பையைக் கழற்றிய அன்று மனிதர் முகம் தெளிந்தது. டாக்ஸியில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எந்த மேம்பாலம் எப்போது கட்டினது என்று டிரைவருக்கு வங்காளியில் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். பழைய ஜம்புநாதன் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

ஆனால் அதற்கப்புறம்தான் அவர் சுருங்க ஆரம்பித்தார். தட்டில் பாதி அப்படியே இருக்கும். நங்கநல்லூரில் இருக்கும் என் நாத்தனார் போனில் ஒரு பத்தியம் சொல்லியிருந்தாள்: மிளகு ரசம் சாதம், சுட்ட அப்பளம், பருப்புத் துவையல், அவ்வளவுதான். கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது, பப்பாளி சூடு. அதைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் செய்த பாலக் கூட்டை ஓரம் தள்ளிவிட்டு, "அக்கா வேண்டாம்னு சொல்லியிருக்கா" என்பார். வேறு எந்த விஷயத்திலாவது அக்கா பேச்சைக் கேட்டவரா என்றால் கிடையாது.

தினமும் காலையில் காபி கொடுக்கும்போது கேட்பேன்.

"ஏன்னா, ஆச்சா?"

"ஆச்சு."

"நன்னா ஆச்சா?"

"அதான் ஆச்சுங்கறேனே, நாகு. பேப்பரைக் கொடு."

பொய் சொல்லி நான் பார்த்ததில்லை அவரை. டிக்கெட் இல்லாமல் பிளாட்பாரத்துக்குள் கால் வைக்காத மனிதர். ஆச்சு என்றால் ஆச்சு என்று நம்பினேன்.

கீழ் வீட்டு ஸ்மிதா போஸ் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவள், குரல் இன்னும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். வாசல் கேட் பக்கத்தில் அவரைப் பார்த்தால் போதும்.

"ஜம்பு-தா, பேட் பரிஷ்கார் ஹொச்சே தோ?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பாள். வயிறு சுத்தமாகிறதா என்று அர்த்தம்.

இவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மாடி ஏறிவிடுவார். "என்ன பொம்மனாட்டியோ!" என்று என்னிடம் பொரிவார். "ஆச்சுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே" என்பேன். அப்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று தானாகவே கிளம்பினார். எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பி வரும்போது கையில் ஈரக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் இளசாக வெற்றிலை. பாக்கு இல்லை, சுண்ணாம்பு இல்லை.

"நீங்க எப்பலேர்ந்து வெத்தலை போட ஆரம்பிச்சேள்?"

"ஜீரணத்துக்கு நல்லதாம்," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நல்லது, இப்போதாவது வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வந்ததே என்று நான் சமையலறைக்குப் போனேன். அன்றைக்குத்தான் புதுத் துவரம்பருப்பு வந்திருந்தது. வண்டு வராமல் இருக்க விளக்கெண்ணெய் தடவி டப்பாவில் போடுவது வழக்கம். அலமாரியில் விளக்கெண்ணெய் பாட்டிலைக் காணோம். சுவாமி அலமாரியிலும் இல்லை. அவரைக் கேட்கலாம் என்று ஹாலுக்கு வந்தேன். ஹாலில் ஆள் இல்லை. மேஜை மேல் வெற்றிலை எல்லாம் அப்படியே பரப்பிக் கிடந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. காம்பு மட்டும் இல்லை. எல்லாவற்றிலும் காம்பைக் கிள்ளி எடுத்தாகியிருந்தது.

வெற்றிலை போடுகிறவர்கள் காம்பைக் கிள்ளி எறிவார்கள். இங்கே எறிந்த காம்பு ஒன்றுகூட இல்லை. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது.

நம் வீடுகளில் குழந்தை பெற்றவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். கைக்குழந்தைக்கு வயிறு கட்டிக்கொண்டு வீறிட்டால், வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துப் பின்னால் லேசாக வைப்போம். நிமிஷத்தில் வெளிக்குப் போய்விடும். எங்கள் ஸ்ரீநாத் குழந்தையாக இருந்தபோது இதே வீட்டில் நான் செய்திருக்கிறேன். அப்போது காம்பைக் கிள்ளிக் கொடுத்தவர் ஜம்புநாதன்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். மறு வினாடி தொண்டை திறந்துகொண்டது.

"ஏன்னா! கதவைத் திறங்கோ!"

இன்னும் பலமாகத் தட்டினேன்.

"கையில என்ன வெச்சிண்டிருக்கேள்னு எனக்குத் தெரியும். அதைக் கீழ போடுங்கோ. உள்ள வெக்கக் கூடாது. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார், நீங்க மீனை எண்ணிண்டு உக்காந்திருந்தேள்!"

"மெதுவாப் பேசு, நாகு." உள்ளே இருந்து மிகச் சின்னக் குரல்.

"மெதுவா எப்படிப் பேசறது? நடுவுல ஒரு மெல்லிசுச் சுவர்தான் இருக்காம். குத்தித்துன்னா தையல் போச்சு. பையை மறுபடி மாட்டிண்டு அலையணும். காம்பைக் கீழ போடுங்கோ!"

எங்கள் கட்டடத்தில் எல்லா பாத்ரூமுக்கும் ஒரே காற்றுக் கூண்டு. மேல் மாடியில் இருமினால் கீழே கேட்கும். நான் போட்ட சத்தம் எங்கே போகும்? கீழே இருந்து ஸ்மிதாவின் குரல் நேராக மேலே வந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"பௌதி! கீ ஹொயேச்சே?" அண்ணி, என்ன ஆச்சு என்கிறாள். "ஜம்பு-தாவுக்கு ஆகலையா?"

"ஆகலை!" என்று நான் வங்காளியில் கத்தினேன்.

"எத்தனை நாளா?"

"தெரியாது! என்கிட்ட ஆச்சு ஆச்சுன்னு பொய் சொல்லியிருக்கார்!"

இதற்குமேல் மறைக்க அவருக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. தாழ்ப்பாள் விலகியது. வேட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றார். இடது கையில் விளக்கெண்ணெய் பாட்டில், வலது கையில் எண்ணெய் சொட்டும் ஒரு காம்பு.

"வெச்சேளா?"

"இல்லை. அதுக்குள்ள நீ கத்த ஆரம்பிச்சுட்டே."

நான் இரண்டையும் வாங்கி ஸிங்க்கில் வைத்தேன். அவரைக் கட்டிலில் உட்கார வைத்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல்லாக இருந்தது. அப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரேதான் சொன்னார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பையை எடுத்தப்பறமாவது உனக்குத் தொந்தரவு இல்லாம இருக்கணும்னு நெனச்சேன். ஆனா ஒண்ணுக்கு கசியறது, நாகு. இருமினா கசியறது. எழுந்து நின்னா கசியறது. காத்து பிரிஞ்சாக்கூட கசியறது. அதனால தண்ணி குடிக்கறதை விட்டேன். சாப்பாட்டைக் குறைச்சேன். அந்த சிரப்பு குடிச்சா எப்ப வருமோ, ஓடணுமோன்னு அதையும் நிறுத்தினேன். அப்பறம் வயிறு சுத்தமா நின்னு போச்சு. நேத்து முக்கிப் பாத்தேன். மூத்திரத்துல லேசா செகப்பாப் போச்சு. பயந்துட்டேன். முக்கக் கூடாதுங்கறது மட்டும் ஞாபகம் இருந்தது. அதான் முக்காம வரதுக்கு…"

"அதுக்குக் காம்பா?"

"ஸ்ரீநாத்துக்கு உடனே ஆச்சே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடேயே கோபம் வந்தது. "ஸ்ரீநாத்துக்கு அப்ப மூணு மாசம்! உங்களுக்கு எழுபதுக்கு மேல! வெக்கப்படறேளா, வெக்கப்படுங்கோ. அதுக்காகத் தையலைப் பிச்சுக்கணுமா? ரத்தம் வந்ததைக்கூடவா எங்கிட்ட சொல்லக் கூடாது? நான் யாரு உங்களுக்கு?"

"நீ எல்லாத்தையும் பாத்துட்டே, நாகு. இனிமே பாக்க என்ன இருக்கு? இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு…"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். அது கோபம் இல்லை. இந்த மனிதர் ஒரு வெற்றிலைக் காம்பால் செத்துப்போயிருப்பார், நான் பக்கத்து அறையில் பருப்புக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருந்திருப்பேன் என்ற நினைப்பு.

அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இவர் கையில் கொடுத்துவிட்டேன். "நீங்களே சொல்லுங்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் என்னை முறைத்தார். போனை முறைத்தார். டாக்டர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜம்புநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜெனரல் மேனேஜருக்கு விபத்து ரிப்போர்ட் கொடுக்கிற இங்கிலீஷில், நடந்தது அத்தனையும் சொன்னார். கசிவு, தண்ணீர், சிரப், சிவப்பு, காம்பு வரைக்கும். காம்பு என்ன என்று புரியவைக்கத்தான் நேரமாயிற்று.

டாக்டர் சைதன்யா சிரிக்கவில்லை. வைக்கவில்லையே என்று இரண்டு தடவை கேட்டார். காய்ச்சல் உண்டா, சிறுநீர் அடைக்கிறதா, வாந்தி உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றதும், சிரப்பை எந்த அளவில் எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொன்னார். சிவப்பு மறுபடி வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், நாளைக்கும் வயிறு போகவில்லை என்றாலும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

"கசிவு எல்லாருக்கும் வரும், ஸார். மாசக் கணக்கில மெதுவா நிக்கும். அதுக்குப் பயந்து தண்ணியை நிறுத்தினா மலம் இறுகும், நீங்க முக்குவீங்க, இன்னும் ஜாஸ்தி கசியும். தண்ணி குடிங்க. நனைஞ்சா நனையட்டும்."

ஜம்புநாதன் போனைக் கட்டில் மேல் வைத்தார். அப்புறம் "தண்ணி கொண்டா" என்றார்.

அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் அது ஒன்றே வேலை. சிரப், வெந்நீர், பழுத்த பப்பாளி, ஹாலுக்கும் பால்கனிக்கும் நடை. ஸ்மிதா தன் பங்குக்குப் பப்பாளிக்காயில் தொர்க்காரி என்கிற கறி பண்ணி ஒரு டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, அவர் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தன் வீட்டுக்காரருக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆனபோது நடந்த கதையை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் காது சிவந்ததே தவிர எழுந்து போகவில்லை. நடுவில் "அப்பறம் எப்ப ஆச்சு?" என்று ஒரு கேள்விகூடக் கேட்டார். நாத்தனார் போன் பண்ணினாள். "அக்கா, பத்தியத்தை நிறுத்தியாச்சு. வயித்தைக் கட்டிண்டுடுத்து" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்தார். அந்தப் பக்கம் அவள் மூர்ச்சையாகி இருப்பாள்.

மறுநாள் காலையில் நான் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"நாகு!"

நான் அடுப்பை அணைக்காமலே ஓடினேன்.

"ஆச்சு," என்றார் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "முக்கலை. செகப்பும் இல்லை," என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆயிண்டிருக்கு. பால் பொங்கற வாசனை வரது, பாரு," என்றார்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. நான் துடைக்காமல் அதன் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

வயிறு ஒரு வழிக்கு வர அப்புறமும் சில நாள் ஆயிற்று. ஒரு நாள் இளகும், ஒரு நாள் இறுகும், சாயங்காலமானால் வாயு வயிற்றை உருட்டும். ஆனால் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. அதனால் எனக்குப் பயம் இல்லை.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக்குக்குப் போகலாம் என்று அவரே கூப்பிட்டார். காலை வேளை, ஏரியைச் சுற்றிலும் கூட்டம். ஓடுகிறவர்கள், சிரிப்புப் பயிற்சி செய்கிறவர்கள், நாயோடு வந்தவர்கள். பாதி தூரம் வந்ததும் இளநீர் வண்டியைப் பார்த்து நின்றார். வெளியில் கிளம்பினால் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் வந்துகொண்டிருந்தவர். பெரியதாக ஒன்று வெட்டச் சொல்லி, ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணாந்து குடித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சிரிப்புப் பயிற்சிக் கூட்டத்தில் ஒருத்தர் விசித்திரமாகக் கனைத்துச் சிரித்தார். ஜம்புநாதனுக்குப் புரை ஏறியது. இருமிக்கொண்டே அவரும் சிரித்தார். நான் முதுகில் தட்டினேன். சட்டென்று அவர் சிரிப்பு நின்றது.

"நாகு."

"என்ன?"

"நனைஞ்சுடுத்து."

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறப் பேன்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"தெரியறதா?"

"தெரியறது."

எதிரே ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்துக்குத் திரும்பிடலாமா?" என்று கேட்டேன்.

அவர் மிச்ச இளநீரையும் குடித்து முடித்து, காலிக் காயை வண்டிக்காரரிடம் நீட்டினார்.

"எதுக்கு? இன்னும் பாதி லேக் பாக்கி இருக்கே," என்று சொல்லிவிட்டு, முன்னால் நடந்தார்.